மாடியில் குடும்பம், கீழே கராஜ்!

புதுவையில் வாடகைக்கு வீடு தேடி அலைகிறவர்களுக்குத் தரை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு ஆகிவிட்டது. எங்கே போனாலும் மாடிதான். கீழே வண்டி நிற்கும். இல்லாவிட்டால் வண்டியைப் பிரித்துப் போட்டிருப்பார்கள்!

லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், முதலியார்பேட்டை, மூலகுளம்... எந்தப் பக்கம் திரும்பினாலும் புதிதாக எழும்பும் கட்டடத்துக்குக் கீழே வரிசையாகத் தூண்கள். தூண்களுக்கு நடுவே கார், ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார், மின்சார மீட்டர். அதற்கு மேலே மனிதர்கள். பெரிய சாலை ஓரங்களில் இன்னொரு ரகம். அங்கே கீழே மெக்கானிக் ஷெட், மேலே குடித்தனம்.

"சார், ஞாயித்துக்கிழமை ஷெட்டு லீவு. மத்த நாள்ல ஏழு மணிக்கு ஷட்டரை இறக்கிடுவாங்க. சத்தமே இருக்காது" என்பார் புரோக்கர். அவர் அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடப் படுத்தவர் அல்ல.

இப்படிப்பட்ட வீட்டுக்குக் குடி போகலாமா, கூடாதா?

தாராளமாகப் போகலாம். ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் கீழே ஒன்றைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். பலர் பார்ப்பதில்லை. அறை எத்தனை, பாத்ரூமில் டைல்ஸ் உண்டா, கிச்சனில் அலமாரி உண்டா என்று மேலேயே பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

காற்று உண்டு, ஈரம் இல்லை

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம்.

பிற்பகலில் கடல் காற்று எழும்பினால் தரை வீட்டுக்காரருக்கு அது பக்கத்து வீட்டுச் சுவரோடு நின்றுவிடும். முதல் மாடிக்கு வந்து சேரும். தெருப் புழுதி குறைவு. சுவரில் ஓதம் ஏறாது. மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் வாசற்படி தாண்டி உள்ளே வராது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போகிறவன் வருகிறவன் எட்டிப் பார்க்க முடியாது. வண்டி வெயிலில் காயாது, மழையில் நனையாது. தெருவில் நிறுத்தி, காலையில் வந்து கண்ணாடியைக் காணோம், பெட்ரோலைக் காணோம் என்று தவிக்க வேண்டாம்.

ஷெட்டுக்கு மேலே உள்ள வீடு என்றால் வாடகையும் கொஞ்சம் இறங்கி வரும். மாதச் சம்பளக்காரருக்கு அது சின்ன விஷயமா?

தொல்லைகளும் உண்டு. காலை ஐந்து மணிக்கு யாரோ ஒருவர் கேட்டைத் திறப்பார். ஆறு மணிக்கு ஒரு கார் பாட்டுப் பாடிக்கொண்டே பின்னால் வரும். முதல் மாடிக்காரர் அலாரம் வைக்க வேண்டியதே இல்லை. இரவு பதினோரு மணிக்கு, "யாருங்க இந்தப் பல்சரைக் குறுக்கே நிறுத்துனது?" என்ற சண்டை. வயதான அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூட்டு வலி. தெருத் திண்ணையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு உட்கார இடமே கிடையாது. பழைய புதுவையின் தமிழர் தெருக்களில் வீட்டின் முகமே திண்ணையும் தாழ்வாரமும்தான். புது வீட்டின் முகத்தில் இருப்பது இரும்புக் கேட்டும் கார் பம்பரும்!

மெக்கானிக் ஷெட்டுக்கு மேலே இருப்பவர் பாடு வேறு. டிங்கர் வேலையின் 'டங் டங்', கம்ப்ரஸரின் உறுமல். இவை காதுக்குத் தொல்லை, பழகிவிடும் என்று சொல்வார்கள். பெயின்ட், தின்னர் நெடிக்கு மூக்கு பழகலாம்; நெஞ்சு பழகாது. கைக்குழந்தையோ, இழுப்பு நோய்க்காரரோ இருக்கிற குடும்பம், பெயின்ட் அடிக்கிற ஷெட்டுக்கு மேலே குடி போகக் கூடாது. வாடகையில் மிச்சம் பிடித்ததை டாக்டருக்குக் கொடுக்க வேண்டி வரும்.

வெள்ளத்தில் தெரிந்தது

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் கொட்டிய மழை 46 சென்டிமீட்டருக்கும் மேல். கிருஷ்ணா நகரில் ஆள் இறங்க முடியாத அளவுக்குத் தண்ணீர். ராணுவம் வந்து மக்களை மீட்டது. ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகளும் மிதந்தன.

தண்ணீர் புகுந்த தெருக்களில் தரை வீட்டுக்காரர்கள் கட்டிலையும் பீரோவையும் பறிகொடுத்தார்கள். கராஜுக்கு மேலே இருந்தவர்களின் சாமான் தப்பியது. இந்த ஒரு ராத்திரிக்காகவே தூண் வைத்த வீடு நல்ல வீடு என்று சொல்லலாம்.

முழுக்கத் தப்பினார்களா என்றால், அதுவும் இல்லை. வண்டி கீழே. மீட்டர் பலகை கீழே. சம்ப் தொட்டி கீழே. அதில் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் கீழே. கராஜில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் மேலே கரண்டு இல்லை. கரண்டு வந்தாலும் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடினாலும் சம்பில் இருப்பது சாக்கடை கலந்த தண்ணீர். சுற்றிலும் வெள்ளம், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை!

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. மீட்டரையும் மோட்டார் சுவிட்சையும் தலை உயரத்துக்கு மேலே வைத்தால் போதும். சம்ப் மூடியைத் தரை மட்டத்தில் வைக்காமல் மேடை கட்டி உயர்த்தினால் போதும். வீடு கட்டும்போதே செய்தால் செலவு அதிகம் இல்லை. மேஸ்திரிக்குத் தெரியும். வீட்டுக்காரர் கேட்டால்தானே?

தண்ணீரில் முழுகிய வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போட்டு 'ஸ்டார்ட்' செய்யக் கூடாது. எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சும்மா விட்டிருந்தால் கழுவித் துடைத்துச் சரியாகியிருக்கும் எஞ்சின், அந்த ஒரு நிமிஷ ஆசையில் போய்விடும். அப்படி ஸ்டார்ட் செய்து கெட்ட எஞ்சினுக்கு இன்ஷூரன்ஸ் பணமும் கிடைப்பது கஷ்டம். வெறும் 'தேர்டு பார்ட்டி' இன்ஷூரன்ஸ் எடுத்தவருக்கு வெள்ளத்துக்காக ஒரு பைசாவும் கிடையாது.

படி எங்கே இறங்குகிறது?

தண்ணீராவது மெதுவாக ஏறும். நெருப்பு அப்படி இல்லை. கீழே பார்க்க வேண்டியது என்று சொன்னது இதைத்தான்.

மாடிப்படி எங்கே வந்து இறங்குகிறது? தெருவிலா, கராஜுக்கு நடுவிலா?

பெரும்பாலான கட்டடங்களில் படி ஒன்றே ஒன்று. அது வண்டிகளுக்கு நடுவில் இறங்குகிறது. படிக்கு அடியில் நாலு ஸ்கூட்டர். பக்கத்துச் சுவரில் எல்லா வீட்டு மீட்டரும். மாடியிலிருந்து ஒயர் இறக்கி பேட்டரி ஸ்கூட்டருக்கு ராத்திரி முழுக்க சார்ஜ் வேறு. கீழே தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் எந்த வழியாக வருவார்கள்? தீக்குள்ளே இறங்கித்தான் வர வேண்டும். அதற்கு முன்பே புகை மேலே போய்விடும். மாடிப்படி என்பது அப்போது படி அல்ல, புகைபோக்கி.

இது கற்பனை அல்ல. மூன்று ஊர்களில் நடந்தது.

2022 செப்டம்பர் 12 இரவு. செகந்திராபாத். கீழே பேட்டரி ஸ்கூட்டர் விற்பனை நிலையம், மேலே லாட்ஜ். ஸ்கூட்டர்களில் பிடித்த தீயின் புகை மேலே ஏறியது. 8 பேர் பலி.

2023 அக்டோபர் 6 அதிகாலை. மும்பை கோரேகாவ். குடியிருப்பின் அடித்தளத்தில் வண்டிகளும் துணி மூட்டைகளும். அங்கே பிடித்த தீ தூங்கிக்கொண்டிருந்த மாடிகளுக்குப் பரவியது. அன்றே 7 பேர் உயிர் போனது.

அடுத்த மாதமே, தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் 13. ஹைதராபாத் நாம்பள்ளி. குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ரசாயன டிரம்கள். அங்கேயே கார் ரிப்பேரும் நடந்துகொண்டிருந்தது. ஒரு பொறி! மாடிகளில் இருந்த 9 பேர் செத்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு.

மூன்று இடத்திலும் செத்தவர்கள் கீழே வேலை செய்தவர்கள் அல்ல. மேலே இருந்தவர்கள். கீழே என்ன இருக்கிறது என்பதில் அவர்களுக்கு ஒரு பேச்சும் இருந்ததில்லை.

வண்டி நிற்கிற கராஜ் வேறு. சரக்கு அடுக்குகிற, வெல்டிங் வைக்கிற கராஜ் வேறு. நாலு பக்கமும் திறந்திருந்தால் புகை வெளியே போகும். அதே இடத்துக்கு ஷட்டர் போட்டு மூடினால், வண்டி ஓடும்போது வருகிற வாசனையில்லாத விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுகூட உள்ளேயே தங்கும். மேலே போக வழி தேடும்.

பூகம்பக் கணக்கும் ஒன்று இருக்கிறது. 2001 ஜனவரி 26-ல் கட்ச் பகுதியில் பூமி குலுங்கியபோது, 200 கிலோ மீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்கு மாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கீழே சுவரே இல்லாமல் தூண்களை மட்டும் நம்பி நின்றவை. மேல் மாடிகளுக்குச் சுவர் பலம் உண்டு; கராஜ் தளத்துக்கு அது இல்லை. குலுக்கல் முழுவதும் தூண்களின் தலையில். அதனால்தான் 2002-ல் திருத்திய இந்தியத் தர விதி, இப்படிப்பட்ட தளத்தின் தூண்களையும் உத்தரங்களையும் 2½ மடங்கு விசையைத் தாங்கும்படி அமைக்கச் சொன்னது. புதுவைக்கு இது எதற்கு என்று கேட்க வேண்டாம். 2001-லேயே செப்டம்பர் 25 இரவு புதுவைக் கடலுக்கு அப்பால் ஏற்பட்ட நிலநடுக்கம் சென்னை வரை உணரப்பட்டது. புதிதாகக் கட்டுகிறவர்கள் இஞ்சினீயரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

கராஜ் யாருக்குச் சொந்தம்?

'கராஜ்' என்ற சொல்லே பிரெஞ்சு. புதுவைக்காரருக்கு அன்னியம் இல்லை. ஆனால் சட்டத்தில் அதற்கு அர்த்தம் வேறு.

2010 ஆகஸ்டு 31-ல் ஒரு மும்பை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது: தூண்களுக்கு நடுவே உள்ள வண்டி நிறுத்தம் கராஜ் அல்ல, அது குடியிருப்பவர்கள் எல்லாருக்கும் பொதுவான இடம், கட்டியவர் அதைத் தனியாக விற்க முடியாது. மராட்டியச் சட்டத்தின் கீழ் வந்த வழக்குதான். ஆனாலும் நாடு முழுவதும் பேசப்பட்டது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், கராஜ் என்றால் மேலே கூரையும் மூன்று பக்கம் சுவரும் வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது.

ஆகவே பிளாட் வாங்குகிறவர் பத்திரத்தைப் படிக்க வேண்டும். 'கார் பார்க்கிங் தனி ரேட்டு' என்று சொல்லிப் பணம் கேட்டால், எந்தச் சட்டப்படி என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

ஒரு ஓட்டையும் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையில், அல்லது எட்டு வீட்டுக்கு மிகாமல் கட்டினால், ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. புதுவையின் சின்னச் சின்ன மனைகளில் எழும்பும் ஆறு வீட்டுக் கட்டடங்களுக்கு இந்த ஓட்டையே வாசல்!

வாடகைக்காரருக்கு இந்தச் சட்டம் எல்லாம் தூரம். அவருக்கு வேண்டியது வேறு. குடி வரும்போது கீழே கார் நிற்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பாதிக்கு ஷட்டர் போட்டு யாரோ டயர் கடை வைத்திருப்பார்கள். கேட்டால், "உங்க வீட்டை யாரும் தொடலியே சார்!" என்பார் வீட்டுக்காரர். வாடகை ஒப்பந்தத்தில், கீழ்த்தளம் வண்டி நிறுத்தமாகவே இருக்கும் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை. பத்திர எழுத்தருக்கு அரை நிமிஷ வேலை.

வீட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மனை விலை, சிமென்டு விலை, கம்பி விலை எல்லாம் கொடுத்துக் கட்டியவர், கீழே சும்மா கிடக்கிற இடத்தில் நாலு காசு பார்க்க நினைப்பது இயற்கை. அவரே பிளானில் அதை வண்டி நிறுத்தம் என்று காட்டித்தான் அனுமதி வாங்கினார் என்பதையும் மறக்கக் கூடாது. கடை வைக்க வேண்டுமானால் கடை என்று காட்டி, அதற்குரிய விதிப்படி, மேலே இருப்பவர்களுக்கு வேறு படி வைத்துக் கட்டியிருக்க வேண்டும்.

நகர அமைப்புக் குழுமமும் நகராட்சியும் பிளானைப் பார்க்கின்றன, கையெழுத்துப் போடுகின்றன. அதோடு முடிந்துவிடக் கூடாது. பிளானில் வண்டி நிறுத்தமாகக் காட்டிய தளம் இன்னும் வண்டி நிறுத்தமாக இருக்கிறதா என்று தெரு தெருவாகப் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டு வரி வசூலிக்கப் போகிறவர் கேட் வழியாக எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெயின்ட், தின்னர், வெல்டிங் வைத்திருக்கிற ஷெட்டுக்கு லைசென்ஸ் கொடுக்கும்போது, மேலே குடித்தனம் உண்டா, அவர்களுக்குத் தெருவுக்கு இறங்க வேறு வழி உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்க வேண்டும்.

மீட்டர் பலகையை மேலே ஏற்ற மின்துறைக்கு மனு போட வேண்டும்; நாளாகும். படிக்கு அடியில் நிற்கிற ஸ்கூட்டர்களை நாலு தூண் தள்ளி நிறுத்துவதும், சார்ஜ் போடுவதைச் சுவரோரம் திறந்த பக்கமாக மாற்றுவதும் குடியிருப்பவர்கள் கூடிப் பேசி இன்று ராத்திரியே செய்யக்கூடியது.