ஊர்களை இணைக்கும் அமைதிச் சாலை

கோவாவில் மாண்டவி ஆற்றின் நடுவே திவார் தீவு உள்ளது. பழைய கோவா, ரிபந்தர் ஆகிய கரைகளிலிருந்து மக்கள் படகில் அங்குச் செல்கின்றனர். கார்களும் அப்படகிலேயே ஆற்றைக் கடக்கின்றன. ஆதலால், தீவில் ஊர்திகள் குறைவு. பியேதாத், மாலார், நாரோவா முதலிய ஊர்களை இணைக்கும் சாலைகளைச் சுற்றிவர, மிதிவண்டி ஓட்டுவோரும் ஓட்டப்பயிற்சி செய்வோரும் விரும்பி வருகின்றனர்.

இத்தகைய சாலைகளை அகலப்படுத்துவதே வளர்ச்சி எனச் சிலர் கருதுவர். நோயாளியை அழைத்துச் செல்லவும் விளைபொருளை ஏற்றிச் செல்லவும் ஊர்தி வேண்டும் என்பது உண்மையே. அதற்கு, இருக்கும் சாலையைச் செப்பனிட்டு, ஆம்புலன்சுக்கு அனைவரும் வழிவிட்டாலே போதும். சாலை அகன்றால் வேகம் பெருகும். வேகம் பெருகினால், மிதிவண்டியில் பள்ளி செல்லும் குழந்தையே முதலில் சாலையை இழக்கும்.

மக்களும் ஊர்திகளும் கலந்து செல்லும் சாலைகளில் மணிக்கு 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருத்தல் வேண்டும் என 2020ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்துகிறது. ஊர்ச்சாலைகளில் இதனைக் கடைப்பிடித்தல் நன்று.

சுற்றிவர வருவோர்க்கும் கடமை உண்டு. அவர்கள் ஊராருக்கும் கால்நடைகளுக்கும் வழிவிட வேண்டும். வயலில் குப்பை எறிதல் கூடாது. இவ்வாறு நடந்தால், பெருநகரங்களை அடுத்த சிற்றூர்களிலும் இத்தகைய சாலைகளைக் காத்தல் இயலும்.