பழைய டிரம் பெடல்: வாசிக்கணுமா, ஷோகேஸில் வைக்கணுமா?

பேஸ் டிரம்மைக் காலால் அடிக்க உதவும் லுட்விக் 'ஸ்பீட் கிங்' பெடல் 1937-ல் அறிமுகமானது. ஜான் பான்ஹாம் அதை மிதிக்கும்போது எழுந்த 'கீச் கீச்' சத்தம், 1970-ல் வெளியான மூன்றாவது லெட் செப்பலின் ஆல்பத்திலேயே கேட்கும்.

இப்படியொரு பழைய பெடல் கையில் இருந்தால், அலமாரியில் பூட்டுவதுதான் பத்திரம்னு பலர் நினைக்கிறாங்க. ஆனால் அசையாத பெடலில் பழைய எண்ணெய் பிசினாக இறுகும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மிதிப்பவருக்குத்தான் முதல் 'கீச்' கேட்கும். அன்றே எண்ணெய் விடுவார்.

அதுக்காக ஒவ்வொரு கச்சேரிக்கும் தூக்கிட்டுப் போக வேண்டாம். ஸ்பிரிங் போனால் மாற்றலாம். வார்ப்பு பாகம் உடைந்தால் ஒட்டுவது கஷ்டம். மேடைக்குப் புது பெடல், வீட்டில் வாரம் ஒருமுறை ஸ்பீட் கிங். மாற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங்கை மட்டும் குப்பையில் போட்டுடாதீங்க.