உழைப்பைப் பீடத்தில் ஏற்றிய சிற்பி



சிற்பம் என்றதும் கோயிலில் உறையும் தெய்வத் திருவுருவங்களும், மன்னர், தலைவர் ஆகியோரின் சிலைகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. அன்றாடம் வியர்வை சிந்தும் தொழிலாளியும் சிற்பத்திற்குரியவனே என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வெண்ணத்தை ஊட்டவல்ல கண்காட்சி ஒன்றைப் பற்றி இம்மலரில் எடுத்துரைக்க விழைகிறோம்.

1954ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள், புதுதில்லி ஜெய்ப்பூர் மாளிகையில் இந்தியாவின் தேசிய நவீனக் கலைக்கூடம் திறந்து வைக்கப்பெற்றது. அத்திறப்பு விழாவையொட்டி அங்கு நடைபெற்றது சிற்பக் கண்காட்சியே ஆகும். ராம்கிங்கர் பைஜ், தன்ராஜ் பகத் முதலிய புகழ்மிக்க சிற்பிகளின் படைப்புகள் அதில் இடம் பெற்றன. பரிசினை வென்றதோ, தேவி பிரசாத் ராய் சௌத்ரி படைத்த ‘உழைப்பின் வெற்றி’ என்னும் சிற்பம்.

ராய் சௌத்ரி 1899ஆம் ஆண்டு வங்கத்தில் பிறந்தவர். எனினும், 1929 முதல் கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சென்னைக் கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பேற்று, பல கலைஞர்களை உருவாக்கினார். அவர்தம் சிற்பத்தில் நான்கு தொழிலாளர் பெரும்பாறை ஒன்றைப் பெயர்த்து நகர்த்த முயல்கின்றனர். முறுக்கேறிய தசைகளும், நிலத்தில் ஊன்றிய கால்களும் அவர்தம் முயற்சியைக் காட்டுகின்றன. அவர்களை ஏவும் கங்காணி எவரும் அங்கில்லை. பாறை இன்னும் நகர்ந்து முடியவில்லை. ஆயினும் சிற்பி அதற்கு ‘வெற்றி’ என்றே பெயரிட்டார். முயற்சியே வெற்றி என்பது அதன் பொருள் அன்றோ! வள்ளுவப் பெருந்தகையும் ‘ஆள்வினையுடைமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார்.

1959ஆம் ஆண்டு அவ்வெண்கலச் சிற்பம் சென்னை மெரினா கடற்கரையில் நிறுவப்பெற்றது. 1923ஆம் ஆண்டு சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய கடற்கரையும் அதுவே. ஊர் மக்கள் அதனை ‘உழைப்பாளர் சிலை’ என்று அன்புடன் அழைக்கின்றனர்.

இனி நம் தெப்ராவ் வட்டாரத்தை நோக்குவோம். நம் முன்னோர் காடழித்து, ரப்பர்க் கன்று நட்டு, இருள் பிரியுமுன் எழுந்து பால் வெட்டினர். தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தந்தையின் தொழிலைக் கேட்டால் தலை குனியும் பிள்ளைகளும் நம்மிடையே உளர். இஃது அப்பிள்ளைகளின் குற்றமன்று. உழைப்பு உயர்ந்தது என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பை நாம் அவர்களுக்கு அளித்தோமில்லை.

களிமண் பிசைந்து பொழுதைப் போக்குவதேன், கணக்குப் போட்டால் மதிப்பெண்ணாவது கிட்டுமே என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர். கணிதமும் மொழியும் கண்ணெனப் போற்றத்தக்கவையே, மறுப்பாரில்லை. ஆயினும், வாரத்தில் ஒரு பாடவேளை பிள்ளைகள் தம் கையால் ஓர் உருவத்தைச் சமைத்தால், உற்று நோக்கும் திறனும் பொறுமையும் வளரும். அவ்வுருவம் மரத்தடியில் குனிந்து பால் வெட்டும் அன்னையினுடையதாயின், அவர்தம் உழைப்பின் மதிப்பும் உள்ளத்தில் பதியும்.

ஆதலின், ஓவிய, கைவினைப் பாடவேளையைப் பிற பாடங்களுக்கு ஈந்துவிடலாகாது என்பது நம் உறுதியான கருத்து. பெற்றோர்களே, வீட்டு மூலையில் துருவேறிக் கிடக்கும் உளியையும் மங்கையும் வாளியையும் வீசி எறியாதீர். அவற்றைப் பள்ளிக்கு அளித்துதவுங்கள். பெற்றோர் தினத்தன்று, பிள்ளைகள் வடித்த களிமண் உருவங்களின் அருகே அவற்றையும் காட்சிக்கு வைப்போம்.

உழைப்பைப் போற்றுவோம்! உழைத்தோரை மறவோம்!