சவர்க்காரம் செய்யவா படித்தாய்?

ஏழாண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. பொறியியற் பட்டம் பெற்றுத் தென்னிலங்கையிலுள்ள சவர்க்காரத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கமர்ந்திருந்த என் பழைய மாணவன் ஒருவன், விடுமுறையில் ஊர் வந்தபோது என்னைக் காண வந்தான். இராப்பணி, இயந்திரக் கோளாறு, எண்ணெய் படிந்த சட்டை என்று தன் நாட்களை விரித்துரைத்தான். அவன் முகத்திற் களைப்போடு ஓர் உவகையும் இருந்தது. அதனைக் கவனியாது, "சவர்க்காரம் செய்யவா தம்பி நாலு வருடம் படித்தாய்?" என்று கேட்டுவிட்டேன். வீட்டிலும் அதே கேள்விதான் அவனை எதிர்கொண்டது. எட்டாம் மாதத்தில் அவன் அவ்வேலையை விட்டான். அரசாங்க நியமனத்துக்காக ஈராண்டு காத்திருந்தான். பின் கடல் கடந்தான். இன்று நலமாகவே உள்ளான். ஆயினும் அக்கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. தமிழாசிரியன் ஒருவன் தொழிற்சாலையைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு அதுவே காரணம்.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும் என்பது எம்மவர் பழமொழி. அது வெறும் மடமையிற் பிறந்ததன்று. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பல குடும்பங்களைத் தாங்கின, சகோதரிகளைக் கரைசேர்த்தன. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இற் பேராதனைக்குப் பெயர்ந்தது. அக்காலத்தில் வெளிவந்த பட்டதாரிகள் சிலர்; வீதியும் குளமும் மின்சாரமும் அவர்களை எதிர்நோக்கி நின்றன. இன்றோ பேராதனை, மொறட்டுவை, உறுகுணை, தென்கிழக்கு, யாழ்ப்பாணம் எனப் பல பல்கலைக்கழகங்கள் பொறியியலாளரை உருவாக்குகின்றன. அத்தனை பேருக்கும் அரசாங்கத் திணைக்களங்களில் இடம் இல்லை. நாள்தோறும் நாம் நுகரும் சவர்க்காரம், பற்பசை, விசுக்கோத்து, பால்மா ஆகியவற்றை ஆக்கும் தொழிற்சாலைகள் அவர்களுக்கு வாயில் திறக்கின்றன. அவ்வாயிலை நாம் ஏளனத்தோடு நோக்குகின்றோம்.

ஏளனத்துக்கு அங்கே என்ன இருக்கின்றது? எண்ணெயும் எரிசோடாவும் சேர்ந்து சவர்க்காரமும் கிளிசரினும் ஆகும் என்பதைப் பாடசாலை மாணவனும் அறிவான். ஆயின் அதனை உலர்த்தி, அழுத்தி, நீண்ட கட்டியாகப் பிதுக்கி, வெட்டி, முத்திரையிட்டுத் தாளிற் சுற்றுமிடத்தே தான் பொறியியல் தொடங்குகின்றது. ஓர் இயந்திரம் நிமிடத்துக்கு 200 கட்டிகளைத் தருவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 100 கிராம் இருத்தல் வேண்டும். 2 கிராம் கூடி 102 ஆகின்றது. கையிலெடுத்துப் பார்ப்பவர் அவ்வேற்றுமையை உணரார். எட்டு மணி நேரப் பணியில் 96,000 கட்டிகள்; வீணாகப் போவது 192 கிலோகிராம். அதனைக் கொண்டு மேலும் 1,920 கட்டிகள் செய்யலாம்.

அப்படியாயின் நிறையைக் குறைத்துவிடலாமே எனின், அது கூடாது. கட்டிகள் எல்லாம் ஒரே நிறையில் வருவதில்லை. சராசரியைக் குறைத்தாற் சில கட்டிகள் 100 கிராமுக்குக் கீழே போகும், வாங்குபவர் வஞ்சிக்கப்படுவர். முதலில் ஏற்றத்தாழ்வைக் குறைத்தல் வேண்டும். வெட்டும் கத்தி தேய்ந்ததா? ஈரப்பதன் மாறியதா? வெப்பநிலை தளம்பியதா? இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து கண்டபின்னரே சராசரியில் கைவைக்கலாம். நூலிற் கற்ற புள்ளிவிவரவியலும் வெப்பவியலும் அங்கே நேர்மையோடு கைகோத்து நிற்கின்றன. இதனைச் சிறுதொழில் என்பவர் யாவர்?

பரீட்சைப் புள்ளிகளில் மயங்கும் எம் மாணவருக்கு இன்னுமொரு கணக்கு. 480 நிமிடப் பணியில் 48 நிமிடம் இயந்திரம் நின்றது. ஓடிய நேரம் நூற்றுக்கு 90. ஓடியபோது உரிய வேகத்தில் நூற்றுக்கு 95. ஆக்கியவற்றிற் பழுதற்றவை நூற்றுக்கு 99. மூன்றும் சிறந்த புள்ளிகளே. ஆயின் தொழிற்சாலை இவற்றைக் கூட்டுவதில்லை, பெருக்குகின்றது, வருவது 84.6 மட்டுமே. யப்பானியரான நகஜிமா செய்இச்சி பரப்பிய அளவுகோல் இது. ஓரிடத்துக் குறையை இன்னோரிடத்து நிறைவு மறைக்காது என்பதை இதனினும் தெளிவாக எந்த வகுப்பறையும் கற்பித்ததில்லை.

இந்த அறிவு மேசையிலிருந்து வருவதன்று. டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி முறையை வகுத்த ஓனோ தைஇச்சி, இளம் பொறியியலாளரைத் தொழிற்சாலைத் தரையில் வரைந்த சுண்ணக்கட்டி வட்டத்துள் மணிக்கணக்காக நிற்கவைத்து, நடப்பதை நோக்கச் செய்தார். அமெரிக்காவில் வில்லியம் கூப்பர் புறொக்டர், தம் பாட்டனார் நிறுவிய சவர்க்காரத் தொழிலகத்தில் 1883ஆம் ஆண்டு சேர்ந்தபோது முதலாளியின் நாற்காலியில் அமரவில்லை; தொழிலாளரோடு தொழிலாளராய் உழைத்தார். 1887இல் அங்கே தொழிலாளர்க்கு இலாபத்திற் பங்களிக்கும் திட்டம் ஏற்பட்டமைக்கு அவரே காரணர். 1907இல் அந்நிறுவனத்தின் தலைவரானார். அவர் பொறியியலாளர் அல்லர்; எனினும், தொழிலைக் கீழிருந்து கற்றவரே தொழிலாளரின் நிலையையும் அறிவர் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

இருபத்தைந்து வயதுப் பட்டதாரி, இருபது வருடம் அவ்வியந்திரத்தோடு வாழ்ந்த தொழிலாளியின் முன் நிற்கின்றான். இயந்திரத்தின் ஒலி மாறியதைக் கேட்டே கோளாறு எங்கே என்று அவர் சொல்வார். அவரை "ஐயா", "அண்ணை" என்றழைத்து, அவருடைய மொழியிற் பேசிக் கற்றுக்கொள்பவன் உயர்வான். பட்டத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்பவன் அன்றே தோற்பான். தென்னிலங்கையில் வேலைக்குச் செல்லும் எம் பிள்ளைகளுக்குச் சிங்களம் கற்பிக்காது விடுவது, கருவிகள் இல்லாது தச்சனை அனுப்புவது போலாகும்.

நிற்க. குறைகளையும் சொல்லாதிருத்தல் முறையன்று. இளைஞரை ஆண்டுக்கணக்காக இராப்பணி மேற்பார்வையில் மட்டும் நிறுத்தி, பழுது பார்க்கவும் இலக்கு எட்டவும் ஓட்டி, எதனையும் ஆராயவோ மாற்றவோ இடமளிக்காத நிறுவனங்களும் உண்டு. அங்கே பொறியியல் மறந்துபோகும், உடலும் நலியும். பட்டயப் பொறியியலாளர் என்னும் தகுதிக்கு, பட்டத்தின் மேல் பயிற்சியும் பொறுப்புள்ள அனுபவமும் வேண்டும். ஆகவே இளைஞர் ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் தம்மைத் தாமே வினவுதல் வேண்டும்: இவ்வாண்டு எதனை அளந்தேன்? எதனைத் திருத்தினேன்? யாரிடம் கற்றேன்? மூன்றுக்கும் விடை இல்லையெனில், இடம் மாறுவது இழுக்கன்று. ஆனால் ஊரார் நகைக்கின்றனர் என்பதற்காக விலகுவது இழுக்கு.

இறுதியாக ஒன்று. பரந்தனில் ஓர் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. உப்பை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் ஆக்கியது. சவர்க்காரத்துக்கு வேண்டிய அந்த எரிசோடா எம் மண்ணிலேயே பிறந்தது. 1980களில் யுத்தச் சூழலில் அது ஓய்ந்தது. அதே கிளிநொச்சி மாவட்டத்தின் அறிவியல் நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. பொறியியலாளர் வருவர், ஆனால் தொழிற்சாலையை நடத்தத் தெரிந்தவர் எங்கிருந்து வருவர்? வேறிடத்துத் தொழிற்சாலைகளின் தரையில் நின்று, கையில் எண்ணெய் படியக் கற்றவரிடையே இருந்துதான் வருதல் வேண்டும். என் மாணவனும் அவர்களில் ஒருவனாய் இருந்திருக்கலாம்.

பெற்றோரே, பழைய மாணவரே, உடனாசிரியரே! அடுத்த பிள்ளை எண்ணெய் படிந்த சட்டையோடு நம் வாயிலில் வந்து நிற்கும்போது, யான் கேட்ட கேள்வியை நீங்கள் கேளாதீர். "இன்று என்ன கற்றாய், தம்பி?" என்று கேளுங்கள். அவன் சொல்வதை இருந்து கேளுங்கள்.