பழுது பிள்ளையிடமா? நம் செவியிலா?



அண்மையில் ஆசிரியர்களுக்கான பணிமனை ஒன்றில் கலந்துகொண்டேன். தேநீர் இடைவேளையில், ஒராங் அஸ்லி மாணவர்கள் பள்ளியைப் பாதியில் விட்டுவிடுவதைப் பற்றிப் பேச்செழுந்தது. "அவர்களுடைய பெற்றோருக்குக் கல்வியின் அருமை தெரியாது, ஐயா. நாம் என்ன செய்ய முடியும்?" என்றார் ஒருவர். சுற்றி நின்றோர் தலையசைத்தனர். நானும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் வீடு வந்த பின்னும் உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

2015 ஆகஸ்டு மாதம் குவா மூசாங் காட்டில் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்குமென அஞ்சி, பள்ளி விடுதியிலிருந்து ஏழு ஒராங் அஸ்லிப் பிள்ளைகள் காட்டுக்குள் ஓடினர். 47 நாள்களுக்குப் பிறகு இருவர் மட்டுமே உயிரோடு மீட்கப்பட்டனர். ஐவர் திரும்பவில்லை. பசியையும் காட்டையும்விடப் பள்ளிக்கூடத்தை அஞ்சிய பிள்ளைகள் அவர்கள்! கல்வியின் அருமை பெற்றோருக்குத் தெரியவில்லையா? பிள்ளையின் அருமை பள்ளிக்குத் தெரியவில்லையா?

இந்த வினாவுக்கு விடை தேடியபோதுதான் ஆஸ்திரேலியாவின் ஜூடி அட்கின்சன் அம்மையாரைப் பற்றிப் படித்தேன். ஜிமன், பண்ஜலங் ஆகிய பூர்வகுடிகளின் வழிவந்தவர். குடும்பங்களுக்குள் நிகழும் வன்முறையையும் அதன் ஆறாத புண்களையும் ஆற்றும் பணிக்கே வாழ்வைக் கொடுத்தவர்.

ஜிமன் மக்களின் வரலாறு கொடியது. நிலம் பறிபோய், பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்ட நிலையில், 1857ஆம் ஆண்டு குவீன்ஸ்லாந்தின் ஹார்னட் பேங்க் பண்ணையில் அவர்கள் 11 பேரைக் கொன்றனர். அதற்குப் பழிவாங்கக் குடியேறிகளும் காவற்படையினரும் மாதக்கணக்கில் அம்மக்களை வேட்டையாடினர். அந்த இனமே அழிந்தது என்றுகூட எழுதிவிட்டார்கள். அழிந்ததாகச் சொல்லப்பட்ட அந்த மக்களின் வழித்தோன்றல்களுக்கு 2016ஆம் ஆண்டு நீதிமன்றம் நில உரிமையை ஏற்றளித்தது.

இத்தகைய மரபில் வந்தவர், மத்திய குவீன்ஸ்லாந்துப் பூர்வகுடி மக்களிடையே பணியாற்றச் சென்றபோது என்ன செய்தார்? கேட்டார். ஆண்டுக்கணக்கில் கேட்டார்! வடபகுதியின் டேலி ஆற்றங்கரை மக்களிடம் 'டாடிரி' என்றொரு சொல் உண்டு. அமைதியாக, ஆழ்ந்து, மதிப்போடு செவிமடுத்தல் என்பது அதன் பொருள். அச்சொல்லை உலகறியச் செய்தவர் யார் தெரியுமா? மிரியம் ரோஸ் அங்குன்மர் பாவ்மன் என்னும் ஆசிரியை! அதனையே அட்கின்சன் தம் ஆய்வின் வழிமுறையாக ஏற்றார்.

2002ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூல், ஒரு குடும்பத்தின் துயரத்தை ஆறு தலைமுறைகள் வரை பின்தொடர்கிறது. படுகொலை, பட்டினி, குழந்தைப் பறிப்பு என்று தொடங்கியது, பேரப்பிள்ளைகளிடம் குடியாக, அடிதடியாக, தற்கொலையாக வந்து நிற்கிறது. 1910 முதல் 1970 வரை, பூர்வகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வலுவந்தமாகப் பிரிக்கப்பட்டனர் என 1997ஆம் ஆண்டின் விசாரணை அறிக்கை கூறுகிறது. அப்படிப் பிரிக்கப்பட்ட பிள்ளை தாய்மை என்றால் என்னவென்று எங்கே கற்றிருக்கும்? "இந்தப் பெற்றோருக்குப் பொறுப்பில்லை" என்று அந்தப் பிள்ளையின் பிள்ளையிடம் சொல்வது எவ்வளவு எளிது!

"எல்லாவற்றுக்கும் பழைய வரலாற்றைக் காரணம் காட்டலாமா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். அட்கின்சன் தம் மக்களின் தவறுகளுக்குச் சாக்குப்போக்குச் சொன்னவரல்லர். தம் சமூகத்துப் பெண்களும் குழந்தைகளும் படும் வன்முறையைப் பலர் மூடி மறைத்த காலத்திலேயே உரக்கப் பேசினார். ஆனால், அடித்தவனைக் கண்டிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. அவன் கதையையும் கேட்டு, இழந்த மண்ணோடும் உறவோடும் சடங்கோடும் மீண்டும் இணைத்தார். அவர் உருவாக்கிய 'வீ அல்-லி' எனும் பயிற்சியின் பெயருக்கு நெருப்பும் நீரும் என்று பொருள். சினத்துக்கும் அழுகைக்கும் அங்கே இடமுண்டு.

நம் பள்ளிகளில் அதற்கு இடமுண்டா? எனக்கு ஆசிரியர் பயிற்சியில் கற்பிக்கப்பட்ட உளவியலில் தனிப்பிள்ளை இருந்தான். அவனுடைய பாட்டன் பூட்டன் இல்லை. சிக்கல் தரும் மாணவனைக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் அனுப்புகிறோம். பிறகு ஆலோசகரிடம் அனுப்புகிறோம். பாரத்தில் 'குடும்பச் சிக்கல்' என்று எழுதிக் கையொப்பமிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் என்ன இருந்ததென்று ஒருநாளும் கேட்டதில்லை.

தமிழாசிரியர்களே, நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும். பூர்வகுடி மொழிகளுக்கோ 15 பெற்றோர் கேட்டாலும் போதாது. அது 'நியாயமானதாகவும் நடைமுறைக்கு இயன்றதாகவும்' இருக்க வேண்டுமாம்! தாய்மொழியே உயிர் என்று மேடைதோறும் முழங்கும் நாம், இந்த வேறுபாட்டை எதிர்த்து ஒரு வரியேனும் எழுதினோமா? தாய்மொழி நம் பிள்ளைக்கு மட்டுந்தான் உயிரா? மற்றவன் பிள்ளைக்கு அது வெறும் பேச்சொலியா?

பிள்ளையைத் திருத்தும் முன் அவன் பேச்சைக் கேளுங்கள். அவன் தாயை அழைத்துக் குறை சொல்லாமல், ஒரு மணி நேரம் அவர் பேசுவதைக் கேளுங்கள். இதற்கு அமைச்சின் சுற்றறிக்கை தேவையில்லை.

அடுத்த பணிமனையில் யாரேனும் அதே சொற்களைச் சொன்னால், நான் தலையசைக்கப் போவதில்லை. நீங்கள்?

சிந்திப்போம்... செவிமடுப்போம்.