செம்மணிக்கு நீதி: சர்வதேச விசாரணையைத் தவிர வேறு வழியில்லை

சந்தாபுரா, பொம்மசந்திரா, அத்திபெலே வட்டாரத் தொழிற்சாலைகளில் பணியாற்றும் தமிழ்த் தொழிலாளர்களிடையே கட்சி ஏட்டை எடுத்துச் செல்லும் தோழர்களை அண்மைக் காலமாக ஒரு கேள்வி எதிர்கொள்கிறது. "காசாவுக்காக ஊர்வலம் போகிறீர்கள், சரிதான். செம்மணியில் குழந்தைகளின் எலும்புகள் கிடைக்கின்றனவே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" கேள்வி நியாயமானது. அதற்குத் தயக்கமற்ற விடையைச் சொல்ல வேண்டிய கடமை இடதுசாரிகளுக்கு உண்டு. ஏனெனில் இக்கேள்வியில் இடதுசாரிகள் சிலரே தடுமாறுகின்றனர். "சர்வதேச விசாரணை என்பது ஏகாதிபத்தியத்தின் கருவி" என்பாரும், "கொழும்பில் இப்போது இடதுசாரி அரசு வந்திருக்கிறது, பொறுத்திருப்போம்" என்பாரும் நம்மிடையே இல்லாமலில்லை. இவ்விரு வாதங்களையும் உரைத்துப் பார்ப்போம்.

மண்ணுக்கடியில் இருப்பது என்ன?

1996இல் யாழ்ப்பாணத்தில் பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி இராணுவச் சோதனைச் சாவடியில் பிடிக்கப்பட்டு, பாலியல் வன்கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். இவ்வழக்கில் தண்டிக்கப்பட்ட படையாள் ஒருவர் 1998 ஜூலையில் நீதிமன்றத்திலேயே ஓர் உண்மையைப் போட்டுடைத்தார்: செம்மணியில் 300 முதல் 400 பேர் வரை புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1999இல் அகழ்ந்தார்கள். 15 எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அத்தோடு கோப்பு மூடப்பட்டது.

கால் நூற்றாண்டு கழித்து, 2025 பிப்ரவரியில், செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமானப் பணிக்காக மண்ணைத் தோண்டிய தொழிலாளர்களின் கைகளில் எலும்புகள் தட்டுப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் அவ்வாண்டு செப்டம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. ஒரு குழந்தையின் எலும்புகளோடு நீல நிறப் புத்தகப் பை கிடந்தது. பொம்மையும் பால் புட்டியும் கிடைத்தன. பால் புட்டியோடு புதைக்கப்பட்டவரை எந்தப் போர்க்களத்தின் எதிரி என்று சொல்வது?

செம்மணி தனித்த நிகழ்வல்ல. 2009இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் கூறியது. 70,000க்கும் மேற்பட்டோர் பற்றிக் கணக்கே இல்லை என 2012இல் ஐ.நா.வின் உள்ளக ஆய்வறிக்கை சுட்டியது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டு, 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று இலங்கை அரசு அமைத்த ஆணைக்குழுவின் முன்பே கேட்டார். இன்றுவரை விடையில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்களில் பலர் விடை கிடைக்காமலேயே இறந்துவிட்டனர்.

உள்நாட்டு விசாரணையின் இலட்சணம்

"எங்கள் நீதிமன்றங்கள் இருக்கின்றன, வெளியார் வேண்டாம்" என்பது கொழும்பில் எந்த அரசு வந்தாலும் மாறாத பல்லவி. அந்த நீதியின் இலட்சணத்தைப் பார்ப்போம். 2000 டிசம்பரில் மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுத் தமிழர்கள் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டனர். பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரேயொரு படையாள் தண்டிக்கப்பட்டார். உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், உலகம் கொரோனா ஊரடங்கில் முடங்கியிருந்த நேரத்தில், கோத்தபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கி விடுவித்தார். 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுதலையாயினர். அபூர்வமாக ஒரு வழக்கு தீர்ப்பு வரை போனாலும், மன்னிப்பு அதன் பின்னாலேயே வருகிறது. குற்றவாளியே நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நீதி எப்படிப் பிறக்கும்?

"இடதுசாரி அரசு" என்ற மயக்கம்

2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க அதிபரானார். நவம்பரில் அவரது தேசிய மக்கள் சக்தி 225இல் 159 இடங்களை வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் முதலிடம் பெற்றது. பழைய ஆளும் குடும்பங்கள்மீது மக்கள் கொண்ட வெறுப்பின் வெளிப்பாடு அது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் செங்கொடியை வைத்தல்ல, செயலை வைத்தே ஓர் அரசை அளக்க வேண்டும். ஆட்சிக்கு வந்த மறுமாதமே, ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் சாட்சிய சேகரிப்புப் பொறிமுறையை இவ்வரசு நிராகரித்தது. ராஜபக்சக்கள் சொன்ன அதே காரணத்தையே சொன்னது.

இதிலுள்ள துயரம் என்னவென்றால், புதைகுழி என்றால் என்னவென்று ஜனதா விமுக்தி பெரமுனாவுக்குத் தெரியும். 1971இலும் 1987–89 காலத்திலும் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் அதே அரசால், அதே படைகளால் வேட்டையாடப்பட்டனர். பட்டலந்த சித்திரவதை முகாம் பற்றிய ஆணைக்குழு அறிக்கையை 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் வைத்தது இவ்வரசுதான். பட்டலந்தவுக்கு நீதி கேட்பவர்கள் செம்மணிக்கு வரும்போது இராணுவத்தின் மானத்தைக் காக்க நிற்பது ஏன்? சிங்கள இளைஞனை டயரில் இட்டு எரித்த கையும் தமிழ்க் குழந்தையைப் புதைத்த கையும் ஒரே அரசின் கைகளே. ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டு மற்றொன்றைத் தண்டிக்க முடியாது. சர்வதேச விசாரணை சிங்கள மக்களுக்கு எதிரானதல்ல. சிங்களத் தொழிலாளியும் விவசாயியும் தம் பிள்ளைகளுக்கான நீதியை அடையும் வழியும் அதுவே.

ஏகாதிபத்தியக் கருவியா?

இனி முதல் வாதத்திற்கு வருவோம். அமெரிக்காவும் பிரிட்டனும் மனித உரிமையைத் தம் வசதிக்கேற்பப் பயன்படுத்துகின்றன என்பதில் நமக்கு ஐயமில்லை. 2012 முதல் 2014 வரை இலங்கை பற்றிய தீர்மானங்களை ஜெனிவாவில் கொண்டுவந்த அமெரிக்கா, 2018இல் இஸ்ரேலுக்காக அப்பேரவையை விட்டே வெளியேறியது. நெதன்யாகுவுக்கு 2024 நவம்பரில் பிடியாணை பிறப்பித்த சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குரைஞர் மீதும் நீதிபதிகள் மீதும் தடை விதித்தது.

ஆனால் இதிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன? சர்வதேசச் சட்டம் ஏகாதிபத்தியத்தின் செல்லப்பிள்ளை என்றால், அதைக் கண்டு ஏகாதிபத்தியம் ஏன் இப்படி ஆத்திரப்படுகிறது? இஸ்ரேலைச் சர்வதேச நீதிமன்றத்தில் நிறுத்தியது நிறவெறியை வென்ற தென்னாப்பிரிக்கா. ரோஹிங்யாக்களுக்காக மியான்மரை அங்கே இழுத்தது காம்பியா என்ற சின்னஞ்சிறு ஆப்பிரிக்க நாடு. டர்பன் நகரின் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளும் தமிழ் வம்சாவளியினருமான நவி பிள்ளை, ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தபோது இலங்கை மீதான விசாரணையைத் தொடங்கி வைத்தார். காசாவில் நடப்பது இனப்படுகொலையே என 2025 செப்டம்பரில் அறிவித்த ஐ.நா. விசாரணை ஆணையத்தின் அன்றைய தலைவரும் அவரே. ஓரிடத்தில் அவரைக் கொண்டாடிவிட்டு மற்றோரிடத்தில் மறுப்பது மார்க்சியமாகாது.

நம் தரப்பின் தவறையும் மறைக்க வேண்டியதில்லை. போர் முடிந்த எட்டாம் நாள், 2009 மே 27 அன்று, விசாரணை பற்றி ஒரு சொல்லும் இல்லாத, இலங்கை தானே எழுதிய தீர்மானம் ஜெனிவாவில் 29 வாக்குகளுடன் நிறைவேறியது. இந்தியா, சீனா, ரஷ்யா, பாகிஸ்தான் ஆகியவற்றோடு சோசலிச கியூபாவும் அதற்கு வாக்களித்தது. இறையாண்மை என்பது ஒடுக்கப்பட்ட நாடு ஏகாதிபத்தியத்தின் முன் ஏந்தும் கேடயம். ஓர் அரசு தன் சொந்த மக்களைக் கொன்றுவிட்டு ஒளிந்துகொள்ளும் பதுங்குகுழி அல்ல அது.

புது தில்லியின் இரட்டை வேடம்

2012லும் 2013லும் தமிழகத்தின் கொந்தளிப்புக்கு அஞ்சித் தீர்மானங்களை ஆதரித்த இந்தியா, உண்மையான சர்வதேச விசாரணைக்கு வழிவகுத்த 2014 தீர்மானத்தில் நடுநிலை வகித்தது. ஆட்சி மாறியது, நிலை மாறவில்லை. 2021லும் 2022லும் மோடி அரசும் அதையே செய்தது. காசாவிலும் இதே கதைதான். "நடுநிலை" என்ற சொல்லின் பொருளைக் கொழும்புத் துறைமுகத்தின் அதானி முனையத்திலும், 2025 ஏப்ரலில் கையெழுத்தான பாதுகாப்பு உடன்பாட்டிலும் தேட வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தை இந்தியா 1959இல் ஏற்றபோதே, தன் சம்மதமின்றி அவ்வொப்பந்தத்தின்கீழ் யாரும் சர்வதேச நீதிமன்றத்திற்கு வழக்கைக் கொண்டுபோக முடியாது என்று நிபந்தனை போட்டுக்கொண்டது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலும் சேரவில்லை. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை வைத்திருக்கும் அரசுக்கு, அண்டை வீட்டுக் கதவு தட்டப்பட்டால் அடுத்தது தன் கதவோ என்ற அச்சம். 1987 அக்டோபரில் யாழ் மருத்துவமனைக்குள் புகுந்து மருத்துவர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் சுட்டுக் கொன்றது இந்திய அமைதி காக்கும் படையே. தமிழகத்தின் முதலாளித்துவக் கட்சிகளோ, 2009இல் சில மணி நேர உண்ணாவிரதத்தோடு கடமையை முடித்துக்கொண்டன. பிறகு தேர்தல்தோறும் முள்ளிவாய்க்காலை மேடைக்கு இழுத்தன.

நாம் கோருவது

2015இல் வெளியான ஐ.நா. அறிக்கை, போர்க்குற்றங்களுக்கும் மானுடத்திற்கு எதிரான குற்றங்களுக்கும் ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. ஆனால் அது மனித உரிமை விசாரணையே தவிர, குற்றவியல் விசாரணை அல்ல. இனப்படுகொலை என்ற முடிவுக்கு அது வரவில்லை. ஓர் இனத்தை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததா என்பதே 1948 ஒப்பந்தம் எழுப்பும் கேள்வி. உணவும் மருந்தும் தடுக்கப்பட்டதும், "போர் தவிர்ப்பு வலயம்" என அறிவித்து மக்களை அங்கே வரவழைத்துக் குண்டு வீசியதும், மருத்துவமனைகள் மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டதும், சரணடைந்தோர் மறைந்ததும் அந்நோக்கத்திற்கான சான்றுகள் என்பதே நம் நிலை. அதைச் சாட்சியங்களோடு நிறுவக்கூடிய மன்றம் வேண்டும். அங்கே விடுதலைப் புலிகளின் குற்றங்களும் விசாரிக்கப்படட்டும்: 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்த கொலைகள், அதே அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்டது, சிறுவர்களைப் படையில் சேர்த்தது. நீதியைக் கேட்பவன் தராசின் ஒரு தட்டைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்கக் கூடாது.

எனவே நம் கோரிக்கைகள்:

1. செம்மணி உள்ளிட்ட அனைத்துப் புதைகுழிகளும் சர்வதேசத் தடயவியல் வல்லுநர்களின் மேற்பார்வையில் அகழப்பட வேண்டும்.

2. இனப்படுகொலைக் குற்றச்சாட்டையும் உள்ளடக்கிய சுதந்திரமான சர்வதேசக் குற்றவியல் விசாரணை நடத்தப்பட வேண்டும். இந்திய அமைதி காக்கும் படையின் செயல்களும் அதன் வரம்புக்குள் வர வேண்டும்.

3. இந்திய அரசு தன் 1959 நிபந்தனையைத் திரும்பப் பெற வேண்டும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் இணைய வேண்டும்.

4. இலங்கையின் 1979ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடைச் சட்டம் ஒழிக்கப்பட வேண்டும்.

தோழர்களே, தொழிற்சாலை வாயிலில் எழுந்த கேள்விக்கு நம் விடை இதுதான்: காசாவின் குழந்தையும் செம்மணியின் குழந்தையும் நமக்கு வேறல்ல. இந்த விடையைத் தமிழ்த் தொழிலாளியிடம் மட்டுமல்ல, அவரோடு ஒரே இயந்திரத்தில் நிற்கும் கன்னட, தெலுங்கு, ஒடிய, பிகாரித் தொழிலாளியிடமும் எடுத்துச் செல்வோம். தமிழனின் துயரமாக மட்டும் இருக்கும்வரை ஆளும் வர்க்கம் இதை அலட்சியப்படுத்தும். தொழிலாளி வர்க்கத்தின் கோரிக்கையாகும் நாளில் அலட்சியப்படுத்த முடியாது.