மீனுக்குக் காது உண்டா?

மறைமலையடிகளின் திருப்பெயர் பூண்ட நமது நகரில் மௌனம் என்பது அகராதியில் மட்டும் காணக்கூடிய பதமாகிவிட்டது. ஒரு புறம் ஜி.எஸ்.டி. சாலை, அதை அடுத்து இரயில் பாதை, மறு புறம் ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள். நாம் வகுப்பில் ஒரு வாக்கியம் சொன்னால் அதில் பாதி லாரிக்கு, மீதிதான் மாணவர்களுக்கு. சென்ற வாரம் அவ்விதம் பாடம் தடைப்பட்டு நின்ற சமயத்தில் ஒரு சிறுவன் எழுந்து, "ஸார், நமக்கே இப்படி என்றால் ஏரியிலுள்ள மீனுக்கு எப்படியிருக்கும்? மீனுக்குக் காது உண்டா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். வீடு வந்து சேர்ந்த பிறகுதான், சிரித்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றிற்று.

மீனுக்குக் காது உண்டு. வெளியே மடல் இல்லை, அவ்வளவுதான். கத்தாழை மீன் சமைக்கும் வீடுகளில், அதன் தலைக்குள்ளே வெள்ளை வெளேரென்று இரண்டு கற்கள் அகப்படுவதைக் குழந்தைகள் அறிவார்கள். அவை காதுக் கற்களே. கத்தாழை கேட்பதோடு நிற்பதில்லை. தன் உடலினுள் இருக்கும் காற்றுப் பையைத் தசைகளால் அதிரச் செய்து மத்தளமும் வாசிக்கிறது. காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, நீரில் சுமார் 1,500 மீட்டர் செல்லுகிறது. கலங்கிய நீரில் கண் எட்டாத இடத்துக்கும் காது எட்டும். ஆயினும் நீர்ப்பரப்பு ஒலிக்கு ஒரு சுவர் போன்றது. கீழிருந்து நேரே மேல் நோக்கி வரும் ஓசையின் சக்தியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே தப்பி வருகிறது. கரையில் நிற்கும் நாம் அது கேளாமல், 'நீர் ஊமை' என்று தீர்ப்பெழுதிவிட்டோம்!

தமிழர் எல்லோரும் அந்தத் தீர்ப்பில் கையெழுத்திடவில்லை. இலங்கையில் மட்டக்களப்பு வாவியில், நிலாக் காலத்து இரவுகளில், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறு முனையைக் காதோடு ஒட்டிக் கேட்பது வெகு காலமாக இருந்து வரும் வழக்கம். 'மீன் பாடும் தேன் நாடு' என்று அவ்வூரார் தங்கள் நாட்டைச் சொல்லிக் கொள்வது வெறும் அலங்காரமன்று. 1848-ஆம் வருஷத்தில் ஸர் எமர்ஸன் டென்னண்ட் என்னும் ஆங்கில அரசாங்க அதிகாரி அந்த வாவியில் தோணியேறிச் சென்று கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் மெல்லிய நாதத்துக்கு அதை ஒப்பிட்டு எழுதினார். பிற்காலத்தில் லாங் என்னும் அமெரிக்கப் பாதிரியார் அந்த இசையை ஒலிப்பதிவு செய்ய, இலங்கை வானொலி அதை ஒலிபரப்பிற்று. பாடுவது மீனா அல்லது ஊரி என்னும் சிப்பி வகையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பாட்டு இருக்கிறது என்பதில் மட்டும் வழக்கில்லை.

மட்டக்களப்பார் துடுப்பால் செய்ததைத்தான் இன்று மேனாட்டுக் கலைஞர் சிலர் 'ஹைட்ரோபோன்' என்னும் நீரொலிக் கருவியால் செய்கிறார்கள். அமெரிக்கரான டேவிட் டன் என்பவர், குளங்களில் வாழும் பூச்சிகளின் ஓசைகளைக் கொண்டே 1991-இல் ஓர் இசைப் படைப்பை அமைத்தார். நார்வே தேசத்து ஜானா வின்டெரன் என்ற அம்மையார் கடலுக்கடியிலும் பனிப்பாறை வெடிப்புகளிலும் கருவியை இறக்கிப் பதிவு செய்தவற்றைக் கொண்டு அமைத்த படைப்புக்கு, 2011-இல் ஆஸ்திரியாவில் ஒலிக் கலைக்கான உயர்ந்த பரிசு கிடைத்தது. இந்தக் கச்சேரிகளில் ராகமுமில்லை, தாளமுமில்லை. ஆனால் கேட்டவர்களால் மறுபடியும் நீரை ஊமை என்று சொல்ல முடியாது.

சொல்ல முடியாதபடி செய்வது அவசியமாகவும் இருக்கிறது. 2009-இல் நமது தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்ட கங்கை டால்பினுக்குக் கண் பார்வை இல்லையென்றே சொல்லலாம். தானே ஒலியெழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டுத்தான் அது வழியும் இரையும் தேடுகிறது. அந்த நதியில் யந்திரப் படகுகள் இரைந்தால் அதற்கு என்ன ஆகும்? நமது நாட்டு விஞ்ஞானிகளும் ஜப்பானியர் ஒருவரும் சேர்ந்து செய்து 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை கூறுகிறது: இரைச்சல் டால்பினின் ஒலியை மூழ்கடிக்கிறது, அதன் உடலுக்கு ஏற்படும் சிரமம் இரு மடங்குக்கும் அதிகமாகிறது, கோடையில் ஆறு வற்றும்போது துன்பம் இன்னும் மிகுகிறது.

இதற்குப் பரிகாரமும் உண்டு. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின், கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல்கள் சில நாட்கள் குறைந்தன. நீரின் இரைச்சல் 6 டெசிபல் தணிந்தது. அங்கே திமிங்கிலங்களின் எச்சத்தைச் சோதித்தவர்கள், அவற்றின் உடலில் கலக்கத்தைக் காட்டும் சுரப்பு அப்போது குறைந்திருந்ததாகக் கண்டார்கள். மனிதர் துக்கத்தில் வாயடைத்திருந்த நாட்களில்தான் திமிங்கிலங்களுக்கு நிம்மதி கிடைத்தது என்பதை எண்ணும்போது மனம் கூசுகிறது.

கப்பல் வேண்டாம், ஆலை வேண்டாம் என்று சொல்ல நாம் துணியவில்லை. நம் மாணவர்களில் பலருக்கு அந்த ஆலைகள்தான் சோறு போடுகின்றன. ஆனால், சாயக் கழிவை நீரில் விடுவது குற்றம் என்று ஒப்புக்கொண்ட தேசம், ஓசையும் ஒரு கழிவே என்று ஒப்புக்கொள்வதில் நஷ்டம் என்ன? கப்பல் சற்று மெதுவாகச் சென்றாலே பெரும்பாலும் இரைச்சல் குறையும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கை மட்டுமே அழுக்கென்று எண்ணும் பழக்கம் போக வேண்டும்.

செங்கற்பட்டுக்கு இரயிலில் செல்பவர்கள் கொளவாய் ஏரியை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். தண்டவாளம் கரையை ஒட்டியே போகிறது. அடுத்த விடுமுறையில் அந்தச் சிறுவனையும் அவன் தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு, ஒரு பழைய துடுப்புடன் அங்கே போவதாக இருக்கிறோம். மீன் பாடினாலும் பாடலாம். இரயில் மட்டுமே கேட்டாலும் கேட்கலாம். இரயில் மட்டுமே கேட்டால், பையனின் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம்.